விடிந்தபின் வந்த பேய்

அக்டோபர் பிறந்ததும் அமெரிக்காவிலே பேய்ப்படப் பருவம்! 31-ஆம் நாள் ஹாலோவீன் வரை இரவுக்கொரு படம் பார்க்கிறார்கள். இது நன்று, இது நைந்தது என்று எழுதித் தள்ளுகிறார்கள். காசு கொடுத்துக் குலைநடுங்கும் கூத்து! ஆனால் பேயைப் பூசைக்குரியதாக்காமல் பொழுதுபோக்காக்கி விட்டார்களே, அந்த மட்டிலே நமக்கு மகிழ்ச்சி.

அந்த வரிசையிலே நாம் போற்றுவது ஜார்ஜ் ரொமீரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’. 1968 அக்டோபரிலே பிட்ஸ்பர்க் நகரிலே வெளிவந்தது. பிணங்கள் எழுந்து மனிதரைத் தின்ன வருகின்றன. பண்ணைவீட்டிலே சிக்கிய எழுவரிலே, பதறாமல் பலகையடித்துக் கதவைக் காப்பவன் பென். கறுப்பர் குலத்தான். நடித்தவர் டுவேன் ஜோன்ஸ். இரவெல்லாம் போராடிப் பிழைத்துவிடுகிறான். விடிகிறது. துப்பாக்கியோடு வருகிறது வெள்ளையர் கூட்டம். சன்னலருகே நின்றவனை யாரென்று கேட்டார்களா? இல்லை. ஒரே குண்டு! பிணத்தோடு பிணமாகத் தீயிலே போடுகிறார்கள். பிணம் விட்டுவைத்தவனை மனிதன் விட்டுவைக்கவில்லை, தோழர்களே!

நிறம் பார்த்தா ஜோன்சைத் தேர்ந்தெடுத்தார்? இல்லை, நன்றாக நடித்தார், எடுத்தோம் என்றார் ரொமீரோ. படமெடுத்து முடித்து, பிரதியைக் காரிலே ஏற்றி நியூயார்க்குக்குப் போய்க்கொண்டிருந்தபோது வானொலியிலே செய்தி வந்தது: மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். நாள், 1968 ஏப்ரல் 4.