குன்றையே வீடாகக் கொண்ட செடி

பூங்காக்களிலும் வீட்டுத் தொட்டிகளிலும் அழகுக்காக வளர்க்கப்படும் செடிகளுள் பெகோனியாவும் ஒன்று. உலகில் 2,000க்கும் மேற்பட்ட பெகோனியா வகைகள் இயற்கையாக வளர்கின்றன. அவற்றுள் சில, சுண்ணாம்புப் பாறைகளில் மட்டுமே வாழ்கின்றன. பெகோனியா ஆம்பியாக்சஸ் அத்தகையது.

போர்னியோ தீவின் வடபகுதியில் மலேசியாவின் சபா மாநிலம் உள்ளது. அங்குள்ள காடுகளினிடையே செங்குத்தாக உயர்ந்து நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளே இச்செடியின் தாயகம். 1990ஆம் ஆண்டில் மார்ட்டின் சாண்ட்ஸ் என்னும் தாவரவியல் அறிஞர் இதற்குப் பெயரிட்டார். 'இருமுனையும் கூரியது' என்பது அப்பெயரின் பொருள். பெகோனியா இலைகள் பெரும்பாலும் ஒருபுறம் பெருத்தும் மறுபுறம் சிறுத்தும் இருக்கும். இதன் இலையோ ஓடம்போல் நீண்டு, இருமுனையிலும் கூர்மை பெற்றிருக்கும். தாமரை இலையில் உள்ளதுபோல, காம்பு இலையின் அடிப்பரப்பில் இணைந்திருக்கும். பச்சை இலையில் செந்நிறப் புள்ளிகள் விளங்கும்.

மழைநீர் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென் அமிலமாகிறது. அது சுண்ணாம்புப் பாறையைச் சிறிது சிறிதாக அரித்து, பிளவுகளையும் குகைகளையும் உண்டாக்குகிறது. பெய்த நீர் அப்பிளவுகளின் வழியே விரைவில் வடிந்துவிடும். இடுக்குகளில் தங்கும் சிறிதளவு மண்ணும் மக்கிய இலைகளுமே அங்கு வளரும் செடிகளுக்கு ஆதாரம்.

பெகோனியாவின் விதைகள் தூசிபோல் நுண்ணியவை. எனினும், காற்றோட்டம் குறைந்த காட்டினுள் அவை பெரும்பாலும் தாய்ச்செடியின் அருகிலேயே விழுகின்றன. குன்றுகளுக்கு இடையிலோ வேறுவகை மண் பரந்து கிடக்கிறது. ஆதலால், கடல் சூழ்ந்த தீவுகளைப்போல ஒவ்வொரு குன்றும் தனித்து நிற்கிறது. இவ்வாறு நெடுங்காலம் பிரிந்து வாழ்ந்தமையால், ஓரிரு குன்றுகளில் மட்டுமே காணப்படும் செடிவகைகள் தோன்றின.

சிமெண்டு செய்யச் சுண்ணாம்புக்கல் தேவை. அதற்காகத் தென்கிழக்கு ஆசியாவில் பல குன்றுகள் வெட்டப்படுகின்றன. வெட்டிய மரம் மீண்டும் துளிர்க்கலாம். வெட்டிய குன்று மீண்டும் வளராது. அக்குன்றில் மட்டுமே வாழ்ந்த செடியும் அதனுடன் அழியும். ஆம்பியாக்சஸ் செடியைக் கண்ணாடிப் பெட்டிகளில் வளர்ப்போர் இன்று உள்ளனர். ஆயினும், பெட்டியில் வாழும் சில செடிகள் பாறையில் தலைமுறை தலைமுறையாகப் பெருகும் செடிகளுக்கு ஈடாகா. குன்றைக் காப்பதே செடியைக் காப்பதாகும்.

அருஞ்சொற்பொருள்
ஓடம் – சிறு படகு
இடுக்கு – குறுகிய இடைவெளி
ஈடாகா – சமமாகமாட்டா

சிந்தித்து எழுதுக
சுண்ணாம்புக் குன்றுகள் தீவுகளுடன் ஒப்பிடப்படுவது ஏன்?