நள்ளிரவு வானொலியின் அமானுஷ்ய ஈர்ப்பு

பறக்கும் தட்டுகள், ஆவிகள், அரசாங்க இரகசியங்கள் ஆகியவை பற்றி நள்ளிரவில் பேசிய 'கோஸ்ட் டு கோஸ்ட் ஏஎம்' நிகழ்ச்சி, 1990களில் அமெரிக்கா முழுவதும் இலட்சக்கணக்கான நேயர்களை ஈர்த்தது. அதன் தொகுப்பாளர் ஆர்ட் பெல், நெவாடா பாலைவனச் சிற்றூரான பாரம்பில், தமது இல்லத்திலிருந்தே அதனை நடத்தினார்.

இதற்கு ஓர் அறிவியல் காரணமும் உண்டு. பகலில் மத்திய அலைகளை உறிஞ்சும் அயனி மண்டலத்தின் கீழடுக்கு, இரவில் மறைந்துவிடுகிறது. மேலடுக்கில் பட்டுத் திரும்பும் ஒலிபரப்பு பல நூறு கிலோமீட்டர் தொலைவிலும் கேட்கும். நெடுந்தூர லாரி ஓட்டுநர்களையும் இரவுப் பணியாளர்களையும் உறக்கம் வராதோரையும் அது எளிதில் எட்டியது.

மற்றொரு காரணம் தொகுப்பாளரின் அணுகுமுறை. தொலைபேசியில் அழைப்போரை முன்கூட்டியே வடிகட்டாமல் பெல் நேரடியாகப் பேச அனுமதித்தார். தீர்ப்பை நேயர்களிடமே விட்டார்.

இதன் ஆபத்தும் வெளிப்பட்டது. ஹேல்-பாப் வால்நட்சத்திரத்தை மர்மப் பொருள் ஒன்று பின்தொடர்வதாக 1996 நவம்பரில் இந்நிகழ்ச்சியில் கூறப்பட்டது. வானியலாளர்கள் மறுத்தும் வதந்தி பரவியது. 1997 மார்ச்சில், விண்கலம் ஒன்று தங்களை அழைத்துச் செல்லும் என நம்பிய 'ஹெவன்ஸ் கேட்' குழுவினர் 39 பேர் கலிபோர்னியாவில் தற்கொலை செய்துகொண்டனர்.

அப்பொருள் உண்டோ இல்லையோ, தங்களுக்கு அது பொருட்டல்ல என்று அக்குழு முன்னரே அறிவித்திருந்தது. எனவே பழி முழுவதையும் வானொலி மீது சுமத்த இயலாது. ஆயினும், சரிபார்க்கப்படாத கூற்று எவரைச் சென்றடையும் என்பதை ஒலிபரப்புவோர் அறிய முடியாது.

வார இரவுகளில் 2003இல் ஜார்ஜ் நூரி பொறுப்பேற்றார். பெல் 2018இல் காலமானார். தனித்த இரவுகளில் தம் பேச்சைக் கேட்க ஒருவர் வேண்டும் என்ற ஏக்கமே அவரது நிகழ்ச்சியின் பலமாகவும் பலவீனமாகவும் இருந்தது.