மருந்து வந்தது, நோயாளி வரவில்லை

மணிப்பூரில் போதை மருந்தை ஊசியால் ஏற்றிக்கொள்வோரிடையே ‘ஹெபடைடிஸ் சி’ என்னும் ஈரல் நோய் வெகுவாகப் பரவியிருக்கிறது. ஒருவர் உபயோகித்த ஊசியை மற்றவரும் உபயோகிப்பதே இதற்கு முக்கிய காரணம். 12 வாரம் மாத்திரை உட்கொண்டால் நூற்றுக்குத் 90 பேருக்கு மேல் பூரண குணமடைகிறார்கள். 2018-ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி மருந்தும் இலவசம்.

பின் தடை என்ன? ஆஸ்பத்திரியில் எதிர்ப்படும் ஏளனப் பார்வைதான். நோயின் சுவடறிய ஒரு சோதனை. கிருமி இன்னும் உள்ளதா என்றறிய மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே பலர் மறைந்துவிடுகிறார்கள். ஆகவே, சுத்தமான ஊசி பெற அவர்கள் நம்பி வரும் நிலையத்திலேயே சோதனையும் சிகிச்சையும் கிடைக்கவேண்டும்.

“போதையை விட்டுவிட்டு வா” என்று துரத்துவது, மூழ்குகிறவனை நீந்தக் கற்று வரச் சொல்வதாகும். போதையை விடாதவருக்கும் இம்மருந்து பலிக்கிறது. அவர்களும் நம் சகோதரர்களே அல்லவா?