தன் கைப்பட ஒரு வாழ்த்து



புனித பவுலடியார் தம் திருமுகங்களைச் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுவது வழக்கம். உரோமையருக்கான திருமுகத்தை எழுதிக் கொடுத்தவர் தெர்த்தியு. கடிதத்தின் இறுதியில் அவர் தம்முடைய வாழ்த்தையும் சேர்த்துக்கொள்கிறார் (உரோ 16:22). ஆனால் வாழ்த்துக் கூறும் இடம் வரும்போது பவுல் எழுதுகோலைத் தாமே வாங்கிக்கொள்கிறார் (1 கொரி 16:21, 2 தெச 3:17). கலாத்தியருக்கு எழுதும்போது தம் எழுத்துகள் எவ்வளவு பெரியவை என்றும் சுட்டிக்காட்டுகிறார் (கலா 6:11). போதனையை எழுத மற்றவர் கை போதும், வாழ்த்துக்குத் தம் கையே வேண்டும் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும்.

திருவருகைக்காலத்தில் இதை நினைத்துக்கொள்வது நல்லது. முதன்முதலாக விற்பனைக்கு வந்த கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையின் வரலாறு இதற்கு நேர்மாறானது. 1843ஆம் ஆண்டில் இலண்டனில் ஹென்றி கோல் என்ற அரசு அலுவலருக்கு, வந்து குவிந்த கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுத நேரமில்லை. ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு ஒரு படம் வரையச் செய்து ஆயிரம் பிரதிகள் அச்சிட்டார். மீந்தவை ஒரு ஷில்லிங் விலைக்கு விற்கப்பட்டன. நடுவில் ஒரு குடும்பத்தின் விருந்து. அதன் இரு பக்கமும் பசித்தோர்க்கு உணவும் ஆடையற்றோர்க்கு ஆடையும் கொடுக்கும் காட்சிகள். மத்தேயு 25ஆம் அதிகாரம் அட்டையின் ஓரத்திலேனும் இடம்பெற்றது என்று நாம் மகிழலாம். ஆயினும் எழுத நேரமில்லாததால்தான் அந்த அட்டை பிறந்தது.

இன்று அதே நேரமின்மை கைப்பேசியில் நிற்கிறது. ஒரு படம் வருகிறது, இருநூறு பேருக்குப் போகிறது. அதை நான் குறை சொல்லவில்லை, எனக்கும் வருகிறது, நானும் அனுப்புகிறேன். ஆனால் மாதத்தின் முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்லும் வீடுகளில் கைப்பேசியைக் கையாளத் தெரியாத முதியோர் பலர் இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளியூரில், பேரப்பிள்ளைகள் வெளிநாட்டில். ஊர் முழுதும் ஒருவரையொருவர் வாழ்த்திக்கொள்ளும் நாளில் இவர்களுக்கென்று எதுவும் வருவதில்லை. இப்படிப்பட்ட ஒரு பாட்டியின் செபமாலைப் பெட்டிக்குள் மறைக்கல்விப் பிள்ளை ஒருத்தி செய்து கொடுத்த அட்டையைப் பார்த்தேன். கண்புரையால் அவருக்குப் படம் சரியாகத் தெரியாது. காகிதச் சுருளால் ஒட்டிய நட்சத்திரத்தை விரலால் தடவிப் பார்த்து, "இது நட்சத்திரம்தானே சாமி?" என்று கேட்டார்.

அந்தக் காகிதச் சுருள் வேலைக்குக் குவில்லிங் என்று பெயர். இறகின் தண்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. இன்று அதைக் கோடை வகுப்புகளில் கற்றுக்கொடுக்கிறார்கள். ஆனால் இது திருச்சபையின் இல்லங்களில் வளர்ந்த கலை என்பது பலருக்குத் தெரியாது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பிரான்சு நாட்டுத் துறவு மடங்களில் அருட்சகோதரிகள் பொன்முலாம் பூசிய காகிதக் கீற்றுகளைச் சுருட்டிப் புனிதரின் திருப்பண்டங்களைச் சுற்றி அலங்கரித்தார்கள். பொன்னும் மணியும் வாங்க வசதியில்லாத இடத்தில் காகிதமே பொன்னாயிற்று. அதே காலத்தில் சிறு கத்தியால் காகிதத்தைப் பின்னல் துணி போல நுணுக்கமாக வெட்டி, நடுவில் புனிதரின் உருவத்தை வரைந்து செபப் படங்களும் செய்தார்கள். நம் செபப் புத்தகங்களுக்குள் இருக்கும் சிறு படங்களுக்கு அவை மூத்தவை.

நமக்கும் இது புதிதல்ல. குருத்தோலை ஞாயிறன்று கோவில் முற்றத்தில் ஓலையைக் கிழித்து, மடித்து, நகத்தால் அழுத்திச் சிலுவை செய்யும் தாய்மார்களின் விரல்களுக்குக் காகிதம் மிக எளிது.

அட்டைக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. எல்லார் வீட்டிலும் பழைய திருமணப் பத்திரிகைகள் ஒரு கட்டு இருக்கும். திருக்குடும்பப் படம் இருப்பதால் எறிய மனம் வராது, வைத்திருந்தும் பயனில்லை. அந்தப் படத்தை வெட்டி எடுங்கள், பொன்நிறக் காகிதத்தில் நட்சத்திரம் வெட்டுங்கள். 1949இல் செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த ஜித்கா சம்கோவா என்ற ஏழு வயதுச் சிறுமி, தன் ஊருக்கு உதவிய யுனிசெஃப் நிறுவனத்துக்கு நன்றியாக ஒரு படம் தீட்டினாள். காகிதம் கிடைக்காததால் கண்ணாடித் துண்டில் தீட்டினாள். யுனிசெஃபின் முதல் வாழ்த்து அட்டையானது அந்தப் படம்தான்.

தடித்த அட்டையை அப்படியே மடித்தால் மடிப்பு வெடிக்கும். அளவுகோலை வைத்து, மை தீர்ந்த பேனாவால் ஒரு கோடு அழுத்தி இழுத்துவிட்டு மடியுங்கள். உள்ளே குடில் எழுந்து நிற்க வேண்டுமா? ஒரு தாளை இரண்டாக மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து உள்நோக்கி நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு இரண்டு வெட்டு வெட்டுங்கள். இரண்டுக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி இருக்கட்டும். தாளைத் திறந்து அந்தப் பட்டையை உட்பக்கமாகத் தள்ளினால் ஒரு படி போல எழும்பும். அதன் முன்பக்கத்தில் குடிலை ஒட்டுங்கள். குடிலின் உயரத்தோடு அந்த நான்கு சென்டிமீட்டரைக் கூட்டினால் வருவது பக்கத்தின் அளவை மிஞ்சக்கூடாது. மிஞ்சினால் அட்டையை மூடும்போது வெளியே தலைநீட்டும். பிறகு இந்தத் தாளை, எழும்பும் பகுதியில் மட்டும் பசை படாமல், வெளியட்டையில் ஒட்டிவிடலாம்.

சுருள் நட்சத்திரத்துக்கு மூன்று மில்லிமீட்டர் அகலக் கீற்றுகள் போதும். ஈர்க்குச்சியின் நுனியைச் சற்றே பிளந்து அதில் கீற்றைச் செருகிச் சுற்றுங்கள். கழற்றிக் கொஞ்சம் தளரவிட்டு, முனையைப் பசையால் ஒட்டுங்கள். ஒரு பக்கத்தை விரலால் கிள்ளினால் நீர்த்துளி வடிவம் வரும். ஐந்து துளிகளைக் கூர்முனை வெளியே பார்க்க வைத்தால் நட்சத்திரம். அஞ்சலில் போனால் இது நசுங்கிவிடும். ஆகவே சுருள் வேலை நேரில் கொடுக்கும் அட்டைக்கு, வெட்டி ஒட்டியது தூரத்தில் இருப்பவருக்கு.

பிள்ளைகளுக்குள் இதில் போட்டியும் பரிசும் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பரிசு என்றதும் அட்டையைத் தாய் செய்வார், பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். கோணலாக இருக்கட்டும். (மினுமினுக்கும் தூளை மட்டும் பங்கு மன்றத்துக்குள் கொண்டுவர வேண்டாம். பொங்கல் வரை தரையில் கிடக்கும்.)

எழுதும் பகுதிதான் கடினம். "கிறிஸ்து பிறப்பு நல்வாழ்த்துகள்" என்பதோடு நிறுத்தாமல் முதலில் அவர் பெயரை எழுதுங்கள்: லூர்து தாத்தாவுக்கு, அந்தோணியம்மாள் பாட்டிக்கு. பிறகு அவரைப் பற்றி ஒரு வரி. "நீங்கள் பாடற்குழுவில் பாடியதை அம்மா சொன்னார்கள்" என்பது போல. ஒரு பிள்ளை இந்த ஒரு வரியை எழுத வேண்டுமென்றால் வீட்டில் யாரிடமாவது அவரைப் பற்றிக் கேட்டாக வேண்டும். எழுத்து பவுலடியாருடையதைப் போலப் பெரிதாக இருக்கட்டும், முதிய கண்கள் படிக்க வேண்டுமே.

ஒவ்வோர் அன்பியமும் ஐந்து பெயர்களைக் குறித்துக்கொள்ளலாம். படுக்கையில் இருப்போர், தனித்து வாழ்வோர், இவ்வாண்டு துக்கம் கண்ட வீட்டார், கோவிலுக்கு வருவதை நிறுத்திவிட்டோர், வேலை தேடி ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம் தெருக்களில் தங்கியிருக்கும் கத்தோலிக்க இளைஞர். நீங்கள் பேசாமல் இருக்கும் உறவினர் ஒருவரின் பெயர் அதில் வந்தால் அந்த அட்டையை நீங்களே செய்யுங்கள்.

திருவருகைக்கால நான்காம் ஞாயிறுக்குள் அட்டைகள் வீடு போய்ச் சேரட்டும். கொடுக்கப் போகும்போது செய்த பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். வாசலிலேயே நீட்டிவிட்டுத் திரும்பாதீர்கள். உட்காரச் சொல்வார்கள், காப்பி போடட்டுமா என்பார்கள். வேண்டாம் என்று சொல்லாமல் குடித்துவிட்டு வாருங்கள்.