ஹர்-கி-தூன் பள்ளத்தாக்கில் ஐந்து நாள்

உத்தரகாசி மாவட்டத்துச் சஹஸ்ரதால் மலைப் பாதையில் கர்நாடகத்திலிருந்து சென்ற குழுவொன்று பனிப்புயலில் சிக்கி, அதில் ஒன்பது பேர் மாண்டனர் என்ற செய்தி 2024 ஜூன் மாதம் வந்தது. அதைப் படித்த நம் சங்கத்து அன்பர்கள் சிலர் என்னிடம் வந்து, "நீர் அந்த மாவட்டத்தில் நடந்து வந்தவர் ஆயிற்றே, இனி நம் பிள்ளைகள் கேட்டால் அனுப்பலாமா, கூடாதா?" என்று வினவினர். நின்றபடியே சொல்லி முடிக்கும் விடையாக அது எனக்குத் தோன்றவில்லை. ஆதலால் 2019 அக்டோபரில் நான் சென்று வந்த யாத்திரையை, என் தவறுகளையும் மறையாமல், இங்கு எழுதுகின்றேன்.

நான் மலையேறுவோன் அல்லன். மெட்ரிக் தேறியதும் இரயில்வேயில் சேர்ந்து, பார்சல் அலுவலகத்தில் எடை குறித்துச் சீட்டெழுதும் குமாஸ்தா. அதற்கு முன் நான் ஏறிய பெரிய மலை, சிறுவயதில் ஏறிய செஞ்சி இராசகிரிக் கோட்டைதான். நாங்கள் நால்வர் புறப்பட்டோம். என் அலுவலகத்துத் தோழர்கள் இருவர், நம் சங்கத் தமிழ் வகுப்பில் பாடஞ்சொல்லும் பெரியவர் ஒருவர், நான். பெரியவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. அவரைப் பற்றித்தான் எங்களுக்குக் கவலை. கவலைப்பட வேண்டிய ஆள் வேறொருவன் என்பது பின்னர் விளங்கிற்று.

தில்லியில் இரவு நந்தாதேவி விரைவு வண்டியில் ஏறினால் விடியலில் தேராதூன். 1900ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இப்பாதை அவ்வூரோடு முடிந்துவிடுகிறது. தண்டவாளத்தின் கடைசி முட்டுக்கட்டையைக் கண்டதும், இனி நம் இலாகாவின் உதவி இல்லை என்று தோழர் ஒருவர் நகைத்தார். அங்கிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் மோட்டார் பிரயாணம். முசூரியைக் கடந்து யமுனைக்கு இறங்கி, புரோலா என்னும் ஊரை அடைந்தபோது, மலைகளுக்கு நடுவே அகன்ற நெல்வயல்களைக் கண்டு வண்டியை நிறுத்தச் சொன்னோம். அறுவடை முடிந்து தாள் மட்டும் நின்றது. அவ்வூர்ச் சிவப்பரிசிச் சோற்றைக் கடைக்காரர் இலைக்குப் பதிலாகத் தட்டில் இட்டார் என்பதைத் தவிர, வேறு குறை சொல்ல இயலாது.

மோரி, நைட்வாட் என்று வழி நீள்கிறது. நைட்வாடில் ரூபின், சூபின் என்னும் இரு ஆறுகள் கூடி டோன்ஸ் என்ற பெயர் பெறுகின்றன. டோன்ஸ் பின்னர்ச் சமவெளியின் விளிம்பில் யமுனையோடு கலக்கிறது. கலக்குமிடத்தில் யமுனையைவிட இதற்கே நீர் மிகுதி. தில்லியில் யமுனை நீரைக் குடித்து வளரும் நம் பிள்ளைகள் இப்பள்ளத்தாக்குக்கும் ஓரளவு கடன்பட்டவர்கள் என்று பெரியவர் சொன்னார்.

மோட்டார்ப் பாதையின் பெரிய ஊர் சாங்க்ரி. ஆங்குதான் எங்கள் வழிகாட்டி இளைஞரைக் கண்டோம். அவர் ஓஸ்லா கிராமத்தவர். உத்தரகாசியில் 1965இல் நிறுவப்பட்ட நேரு மலையேற்றப் பயிற்சிக் கழகத்தில் பயின்றவர். பெரியவர் அவரைத் "தம்பி" என்று அழைக்க, அச்சொல்லின் பொருளைக் கேட்டறிந்து மிகவும் மகிழ்ந்தார். அன்று முதல் எங்கள் நால்வருக்கும் அவர் தம்பியே.

தம்பியின் முதல் வேலை எங்கள் மூட்டையைப் பிரிப்பதாயிற்று. கோவேறு கழுதைக்கும் சுமைகூலிக்கும் இத்தனை எடை என்று கணக்குண்டு. நாளெல்லாம் எடை பார்க்கும் நான், என் மூட்டையின் எடையைச் சற்றுக் குறைத்தே சொல்லியிருந்தேன். அவர் தராசில் மாட்டினார். தொக்கு ஜாடி இரண்டு, வடகம், புளிக்காய்ச்சல், என் தாயார் பொதிந்தனுப்பிய பருப்புப் பொடி யாவும் வெளிவந்தன. பார்சல் குமாஸ்தா எடையில் பொய் சொல்லிப் பிடிபட்ட கதை இன்றளவும் எங்கள் அலுவலகத்தில் ஓய்வு நேரத்திற்கு உதவுகிறது.

மறுநாள் தாலுகா என்னும் ஊர்வரை ஜீப்பில் சென்று, அங்கிருந்து சூபின் ஆற்றை ஒட்டி நடக்கத் தொடங்கினோம். இப்பகுதி 1955இல் வனவிலங்குக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டு, கோவிந்த வல்லப பந்த் அவர்களின் பெயரால் கோவிந்த பசு விஹார் என வழங்குகிறது. தேவதாரு, வால்நட் மரங்களினூடே ஒற்றையடிப் பாதை. ஆற்றின் ஓசை ஒரு கணமும் ஓய்வதில்லை. அரைநாள் நடந்தபின் அவ்வோசை காதுக்குப் பழகி, பேச்சு தானே உரத்துவிடுகிறது. கைப்பேசி சாங்க்ரியைத் தாண்டியதும் ஊமையாகிவிட்டது.

கங்காட், ஓஸ்லா போன்ற ஊர்களின் வீடுகளைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். தேவதாருக் கட்டையும் கல்லும் மாறிமாறி அடுக்கிய சுவர்கள்; கீழ்த்தளம் ஆடுமாடுகளுக்கு, மேல்தளம் மனிதர்க்கு. கால்நடைகளின் உடற்சூடு மேலேறிப் பனிக்காலத்தில் வீட்டை வெதுவெதுப்பாக்குமாம். நிலநடுக்கத்திற்கும் இச்சுவர் எளிதில் அஞ்சாது. ஆனால் நெருப்புக்கு அஞ்சும். 2018 பிப்ரவரியில் இப்பகுதியின் சாவ்னி கிராமத்தில் மூண்ட தீயில் பல வீடுகளும் கால்நடைகளும் ஓரிரவில் அழிந்தன. தம்பி அதைச் சொன்னபோது, நாங்கள் தீக்குச்சிகளை எங்கெல்லாம் எறிந்தோம் என்று திரும்பிப் பார்த்தோம்.

கேழ்வரகு அங்கும் உண்டு. மண்டுவா என்கின்றனர். தண்டாங்கீரை இனத்தைச் சேர்ந்த சௌலாயும் விளைகிறது. ஐப்பசி மாதம் அதன் கதிர்கள் சிவந்து, மலைச்சரிவில் சேலையை உலர்த்தியதுபோல் தோன்றும்.

இரவு சீமாவில் தங்கி, மறுநாள் எதிர்மேட்டிலுள்ள ஓஸ்லாவுக்கு ஏறினோம். ஊர் நடுவே பழைய மரக்கோயில். தூண்களிலும் கதவிலும் நெருங்கிய சிற்ப வேலைப்பாடு. அது துரியோதனன் கோயில் என்று வெளியூரார் பலர் எழுதியிருப்பதைப் படித்துச் சென்றிருந்தேன். டோன்ஸ் ஆறே அவன் மாண்டபோது இம்மக்கள் சிந்திய கண்ணீர் என்றும் கதை உண்டு. திண்டிவனத்துப் பக்கம் எங்கள் ஊரிலோ திரௌபதி அம்மன் திருவிழாவின் கடைசி நாள், துரியோதனனை மண்ணால் பேருருவமாகச் செய்து தரையில் கிடத்திப் படுகளம் நடத்துவோம். அந்த வேடிக்கையை நினைத்துக்கொண்டு, கோயில் வாசலில் நின்று உரத்த குரலில், "துரியோதனனைக் கும்பிடுகிறீர்களாமே! எங்கள் ஊருக்கு வந்தால் அவன் கதியைக் காட்டுகிறேன்" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. திண்ணையில் கதிர் கொண்டு கம்பளி நூற்றுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் நிமிர்ந்து, "இது சோமேசுவரர் கோயில்" என்றார். மீண்டும் கதிரைச் சுழற்றலானார். தம்பி வழியைப் பார்த்து நடந்தார். அன்று மாலைவரை அவர் என்னிடம் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை.

கல்கத்தியாதார் என்னும் மேட்டில் கூடாரமடித்து, மூன்றாம் நாள் ஹர்-கி-தூனை அடைந்தோம். 11,700 அடி உயரத்தில், ஆற்றங்கரையில் விரிந்த புல்வெளி. தலைமாட்டில் 20,500 அடிக்கு மேற்பட்ட சுவர்க்காரோகிணி. பாண்டவர் விண்ணுலகு சென்ற வழி அதுவே என்பர். ஊர் நாயொன்று சீமாவிலிருந்தே எங்களைத் தொடர்ந்து வந்திருந்தது. தருமபுத்திரர் யார் என்பதில் எங்களுக்குள் வழக்கு நடந்தது. பிற்பகல் வெயிலில் சிகரம் முதலில் மஞ்சளாகி, பின் கருஞ்சிவப்பாகி, சட்டென்று சாம்பல் நிறமாயிற்று. என் விவரணை இவ்வளவே. ஏனெனில் அவ்வேளையில் எனக்குத் தலை பிளந்துகொண்டிருந்தது.

வலி முன்நாளே தொடங்கிவிட்டது. இரவுக் குளிரில் வெளியே எழுந்து போக அஞ்சி, பகலில் நீர் குடிப்பதைக் குறைத்திருந்தேன். காலையும் மாலையும் தம்பி ஒவ்வொருவரையும், தலைவலி உண்டா, உறக்கம் வந்ததா, உணவு சென்றதா என்று கேட்பார். பெரியவர் உள்ளதை உள்ளபடி சொல்வார். நான், "எல்லாம் சுகம்" என்பேன். அறுபது வயதுக்காரர் நடக்க, முப்பத்து நான்கு வயதுக்காரன் படுத்துக்கொள்வதா என்ற வீம்பு.

நான்காம் நாள் விடியலில் ஜௌந்தார் பனியாற்றை நோக்கிச் செல்லும் திட்டம். நான் காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டே இருந்தேனாம், முடிச்சு விழவேயில்லையாம். தம்பி வந்து பார்த்தார். புல்லின்மேல் கயிறொன்றை நேராக நீட்டி, ஒரு பாதத்தின் குதிகால் மறு பாதத்தின் விரலைத் தொடுமாறு அடிமேல் அடி வைத்து நடக்கச் சொன்னார். நான்காம் அடியில் சாய்ந்தேன். மறுமுறையும் சாய்ந்தேன். "கீழே போகிறோம், இப்போதே" என்றார் அவர். நான் வாதாடினேன், கட்டிய பணத்தைப் பற்றிக்கூடப் பேசினேன் என்று நண்பர்கள் பின்னர்ச் சொல்லக் கேட்டு நாணினேன். சிவப்புக் கொடி காட்டியபின் எந்த ஓட்டுநரும் வழக்காடுவதில்லை. இரயில்வேக்காரனாகிய நான் வழக்காடினேன்.

உயரத்தில் காற்று மெலிவதால் வரும் நோய் இது. தலைவலியாகத் தொடங்கி, முற்றினால் மூளையில் நீர் கோத்து வீங்கும். தள்ளாட்டம் அதன் அறிகுறி. உடனே இறங்குவதே முதல் மருந்து. நல்ல உடல்வலிமை உடையோரையும் இது விடுவதில்லை. வயது முதிர்ந்தோரைத் தேடிப் பிடிப்பதும் இல்லை. 10,000 அடிக்கு மேல், உறங்கும் இடத்தின் உயரத்தை ஓரிரவுக்கு ஏறக்குறைய 1,600 அடிக்கு மிகாமல் கூட்டுவது நன்று என்பர் மருத்துவர். ஆகவே அன்பர்களின் வினாவுக்கு என் விடை: அனுப்பலாம். ஆனால் அழைத்துச் செல்வோர் தங்கும் இடங்களின் உயரத்தை எழுதி வாங்குங்கள். நாள் குறைவு என்பதைச் சிறப்பாகச் சொல்லும் விளம்பரத்தை நம்பாதீர்கள். வானிலை கெட்டால் திரும்பிவிடும் உரிமை வழிகாட்டிக்கு உண்டா என்று கேளுங்கள். பிள்ளையிடம், வழிகாட்டியிடம் பொய் சொல்லாதே என்று சொல்லியனுப்புங்கள். மற்றவை, கம்பளி, காலுறை முதலியன, கடையில் கிடைக்கும்.

தோழர்களைத் துணை வழிகாட்டியிடம் ஒப்படைத்து, தம்பி என் தோளைப் பற்றியவாறு இறங்கினார். பாதி வழியிலேயே என் தலை இலேசாயிற்று. பிற்பகல் ஓஸ்லாவில் அவர் வீட்டை அடைந்தோம். முதல் நாள் நூல் நூற்ற அதே முதியவர் நான் போவதைப் பார்த்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க இயலவில்லை.

தம்பியின் அன்னை அடுப்பருகே கம்பளம் விரித்துப் படுக்கச் சொன்னார். மாலையில் கேழ்வரகு ரொட்டியும் நெய்யும் தந்தார். நாலு நாளில் முதன்முறையாகப் பசித்தது. அப்போது தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சற்றுப் பொறுத்து, "கீழே வெளியூர்ப் பள்ளியில் படித்தபோது எங்களைத் துரியோதனன் ஆட்கள் என்று அழைப்பார்கள். வருவோர் எல்லாரும் இதையே கேட்டுச் சிரிக்கிறார்கள். எங்கள் தெய்வம் சோமேசுவரர். ஊர் ஊராகப் பல்லக்கில் செல்வார். அதைக் கேட்பவர் இல்லை" என்றார்.

அன்னைக்கு நாங்கள் பேசியது முழுவதும் புரியவில்லை. உங்கள் ஊரில் அவனுக்கு என்ன செய்வார்கள் என்று மகன் வழியாகக் கேட்டார். படுகளத்தைச் சொல்லத் தொடங்கினேன். மண்ணுருவம், தொடை பிளத்தல், திரௌபதி கூந்தல் முடித்தல். சொல்லிக்கொண்டு வரும்போதே, பல ஆண்டுகளாக நான் மறந்திருந்த ஒன்று நினைவுக்கு வந்தது. எல்லாம் முடிந்தபின், எங்கள் ஊர்க் கூத்தில் காந்தாரி வேடமிட்டவர் ஒருவர் அவ்வுருவத்தின் தலைமாட்டில் அமர்ந்து ஒப்பாரி வைப்பார். கூடியிருக்கும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். என் பாட்டியும் துடைத்துக்கொண்டது உண்டு.

"அவன் தாய் அழுதாளா?" என்று அந்த அம்மையார் கேட்டார்.

"அழுதாள்" என்றேன்.

அவர் தலையசைத்து, இன்னொரு ரொட்டியை என் தட்டில் இட்டார்.

மறுநாள் பெரியவரும் நண்பர்களும் வந்து சேர்ந்தனர். பனியாற்றைப் பார்த்துவிட்டு வந்த பெரியவரின் முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. கோயில் திண்ணை முதியவரிடம் சென்று வணங்கினேன். அவர் என் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார். சாங்க்ரியில் விடைபெறுகையில் தம்பி, "போய் வாருங்கள், அண்ணா" என்று தமிழில் சொன்னார். பெரியவர் கற்றுக்கொடுத்திருக்கிறார்.

அவர் அன்னை ஒரு துணிப்பையில் கேழ்வரகு மாவும் இராஜ்மாவும் கட்டிக் கொடுத்திருந்தார். மூத்த மகன் தில்லியில் பஹாட்கஞ்சு விடுதியொன்றில் வேலை செய்கிறானாம். இரண்டு பனிக்காலமாக ஊருக்கு வரவில்லையாம். எடையும் போடாமல் சீட்டும் எழுதாமல் அந்தப் பையை எடுத்துவந்து, ஞாயிற்றுக்கிழமை தேடிப்பிடித்துக் கொடுத்தேன். அவர் விடுதியின் பின்வாசலில் நின்றபடியே முடிச்சை அவிழ்த்து மாவை முகர்ந்தார். பிறகு, அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது, கூரைக் கல்லை மாற்றிவிட்டார்களா, மேல் வயலில் சௌலாய் அறுத்தாயிற்றா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கலானார். தெரிந்தவற்றைச் சொன்னேன். கூரையை நான் கவனித்துப் பார்க்கவில்லை.