சொல்லத் தயங்கும் சொல் – 7: ‘அட்மிட் பண்ணிடுவாங்களோ?’

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆம் பிரிவு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் இடம்பெறவில்லை என்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். ஜெயில் பயம் ஓரளவு தணிந்தது. ஆனால் இன்னொரு பயம் அப்படியே நிற்கிறது. ‘சாகணும்போல இருக்கு’ என்று டாக்டரிடம் வாய்திறந்தால் வார்டில் பூட்டிவிடுவார்கள், ஷாக் வைப்பார்கள், ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். இதை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. மனநல மருத்துவமனை இருப்பதாலேயே கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரை வசவாக்கிய சமூகம் இது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டிவைத்திருந்த தனியார் காப்பகத்தில் 28 பேர் தீயில் கருகினார்கள். அது மருத்துவமனை அல்ல. ஆனால் ‘கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள்’ என்று நடுங்குகிறவருக்கு அந்த வேறுபாடு எங்கே தெரியப்போகிறது?

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்கிறது. மயக்க மருந்து இல்லாமல் மின்அதிர்வு சிகிச்சை கூடாது என்கிறது. ஒருவரது சம்மதமில்லாமல் அவரைச் சேர்க்க வேண்டுமானால், மனநோய் கடுமையாக இருக்க வேண்டும். அண்மையில் தன்னைக் காயப்படுத்திக்கொள்ள முயன்றிருப்பது போன்ற ஆபத்து இருக்க வேண்டும். இரண்டு நிபுணர்கள் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும். இதைவிடக் கட்டுப்பாடு குறைந்த வழி இல்லை என்றாக வேண்டும். அப்போதும் முதலில் 30 நாள்தான். மனநல மறுஆய்வு வாரியத்திடம் முறையிடலாம். வெறும் எண்ணத்தைச் சொன்னதற்காகவே யாரையும் பூட்டிவைக்க இந்தச் சட்டம் இடம் தரவில்லை. ஆனால் இதை எந்த டாக்டராவது முதல் சந்திப்பிலேயே நோயாளியிடம் சொல்கிறாரா? சொல்லாதவரை, சட்டம் தரும் பாதுகாப்பு காகிதத்தோடு நின்றுவிடுகிறது.

‘ஒரு உயிர் போவதைவிட நாலு நாள் வார்டில் கிடப்பது மேல்’ என்பார்கள். நியாயமான வாதம், சில இரவுகளில் அட்மிஷன்தான் உயிரைக் காக்கிறது. ஆனால் இந்தக் கணக்கில் வந்தவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள், பயந்து வராமலே போனவர்கள் இல்லை. 2022-இல் நாடு முழுவதும் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டதாக தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவுசெய்தது. தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். அவர்களில் எத்தனை பேர் ஒரு டாக்டரின் வாசல்வரை வந்து திரும்பினார்கள் என்பதற்குப் பதிவேடு கிடையாது. அமெரிக்காவின் வட கரோலினாவில் கடும் மனநோயுள்ளவர்களைக் கேட்டு 2003-இல் வெளியான ஆய்வில், கட்டாயச் சிகிச்சைக்குப் பயந்தே உதவி தேடத் தயங்கியதாக மூன்றில் ஒருவருக்கு மேல் சொன்னார்கள். வார்டோடு ஆபத்து முடிந்துவிடுவதும் இல்லை. 100 ஆய்வுகளைத் திரட்டி 2017-இல் வெளியான அலசலில், மனநல மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் மூன்று மாதங்களில்தான் தற்கொலை விகிதம் மிக அதிகமாக இருந்தது. அட்மிஷன்தான் அதற்குக் காரணம் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. முற்றிய நிலையில்தானே சேர்க்கிறார்கள்? ஆனால் வீடு திரும்பிய நோயாளி அந்த மாதங்களில் மறுபடி டாக்டரை நம்பி வர வேண்டும். கட்டாயத்தில் உடைவது அந்த நம்பிக்கை.

இன்னொரு மறுப்பு வரும்: ‘எப்போது சேர்ப்போம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், எதை மறைக்க வேண்டும் என்று நாமே கற்றுக்கொடுத்ததாகாதா?’ இப்போதே மறைக்கத்தான் செய்கிறார்கள். எல்லை எங்கே என்று தெரியாததால் எல்லாவற்றையும் மறைக்கிறார்கள். எப்போதோ வந்துபோகும் எண்ணத்தைக்கூட ‘தூக்கம் வரல டாக்டர்’ என்று மாற்றிச் சொல்கிறார்கள். எல்லை தெரிந்தால், அதற்கு இப்பால் உள்ளதையாவது பேசலாம். பேச்சு தொடங்கினால்தான் மீதியும் வரும்.

குடும்பமே தன்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் என்ற அச்சத்துக்கும் சட்டத்தில் ஒரு வழி உண்டு. நலமாக இருக்கும்போதே, நம்பிக்கையான ஒருவரைத் தன் பிரதிநிதியாக வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நியமிக்கலாம். சம்மதமில்லாத அட்மிஷனுக்கு அந்தப் பிரதிநிதியின் விண்ணப்பம் வேண்டும். அதை எழுதுவது எப்படி என்று அடுத்த வாரம் பார்ப்போம். அதுவரை காத்திருக்க முடியாத நிலையில் இருப்பவர்கள் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

(தொடரும்)