மாநகர சபைப் பாதீட்டை வாசித்தல்: கல்முனையை முன்வைத்துச் சில குறிப்புகள்

கடந்த டிசம்பரில் கொழும்பு மாநகர சபையின் 2026ஆம் ஆண்டுக்கான பாதீடு முதல் வாக்கெடுப்பில் மூன்று வாக்குகளால் தோற்றது. ஆண்டு முடிவதற்குள் மீண்டும் சமர்ப்பிக்கப்பட்டு நிறைவேறியது. அந்த நாட்களில் தேநீர்க் கடையிலும் பள்ளிவாசல் முன்றலிலும் எங்கள் ஆசிரியர் ஓய்வறையிலும் ஒரே கதைதான்: யார் எந்தப் பக்கம் கை உயர்த்தினார்? அந்தப் பாதீட்டில் என்ன இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் கேட்கவில்லை.

ஒரு சபை வரும் ஆண்டில் எதற்கு முதலிடம் கொடுக்கப் போகிறது என்பதை அறிய, முதல்வரின் உரையைவிடப் பாதீட்டின் பக்கங்களே நம்பத்தக்கவை. வரைவுப் பாதீட்டை ஏழு நாட்களாவது பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்ற நடைமுறை சட்டத்தின் வழி வந்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு சபைக்குப் போய், "அதைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேட்டேன். அங்கிருந்த தம்பி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இதப் பாக்கெண்டு இதுவரைக்கும் ஒருத்தரும் வரல்ல சேர், பொறுங்க தேடிப் பாக்கன்" என்றார். தேடி எடுக்க அரை மணித்தியாலம் ஆனது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். கேட்க ஆளில்லாத சாமான் மேசையில் கிடக்குமா?

பாதீட்டில் முதலில் பார்க்க வேண்டியது வருமானம். சோலைவரி, சந்தைக் கடை வாடகை, வியாபார அனுமதிக் கட்டணம், குத்தகைகள் ஆகியவை சபையின் சொந்த வருமானம். காணி கைமாறும்போது அறவிடப்படும் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாண சபையூடாக வந்து சேர்பவை. ஊழியர் சம்பளத்தின் பெரும்பகுதியும் அரசாங்கத்தின் மீளளிப்பாகவே வருகிறது. ஆகவே மொத்தத் தொகையைப் பார்த்து வாயைப் பிளக்கக் கூடாது. அதில் பெரும்பங்கு சம்பளமாக வந்து சம்பளமாகவே போய்விடும். சபை தன் விருப்பப்படி செலவழிக்கக்கூடிய காசு கொஞ்சம்தான், அது எங்கே போகிறது என்பதில்தான் கொள்கை இருக்கிறது.

அடுத்தது நிரல்கள். கடந்த ஆண்டில் உண்மையில் கிடைத்தது, நடப்பாண்டு மதிப்பீடு, வரும் ஆண்டு மதிப்பீடு ஆகியவை பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கடந்த ஆண்டு கடை வாடகையாக வந்தது மதிப்பிட்டதில் பாதியாக இருக்க, வரும் ஆண்டுக்கு அதன் இரட்டிப்பு எழுதப்பட்டிருந்தால், அந்தக் காசை நம்பிப் போடப்பட்ட வடிகானும் பூங்காவும் கடதாசியோடு நின்றுவிடும். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஏதோ ஒன்று எழுதி எல்லாரையும் சந்தோசப்படுத்துவதற்கு வருமானத்தை ஊதிப் பெருக்குவது லேசான வழி. பற்றாக்குறை ஏற்படும்போது முதலில் வெட்டுப்படுவது எது என்பதை அடுத்த வருடப் பாதீட்டின் "உண்மை" நிரல் காட்டிக்கொடுத்துவிடும்.

கல்முனைக்கு வருவோம். 2001இல் மாநகர சபையாகத் தரமுயர்ந்த ஊர் இது. பெரிய நீலாவணையிலிருந்து சாய்ந்தமருது வரை, தமிழரும் முஸ்லிம்களும் நெருங்கி வாழும் ஒடுங்கிய கடற்கரைத் துண்டு. 2023 மார்ச்சில் நாடு முழுவதும் உள்ளூராட்சிச் சபைகளின் காலம் முடிந்தது. 2025 மே 6இல் 339 சபைகளுக்குத் தேர்தல் நடந்தபோது, வழக்கு நிலுவையில் இருந்ததால் கல்முனை அதில் சேரவில்லை. சாய்ந்தமருதுக்குத் தனிச் சபை வேண்டும் என்ற கோரிக்கையும், 2020 பெப்ரவரியில் வர்த்தமானி வெளியாகிச் சில நாட்களிலேயே நிறுத்தப்பட்ட கதையும் வாசகர்களுக்குத் தெரியும். எல்லை எங்கே என்ற சண்டையில் நாம் காட்டிய கவனத்தில் பத்திலொரு பங்கையாவது எல்லைக்குள் என்ன நடக்கிறது என்பதில் காட்டினோமா என்பதே என் கேள்வி. உறுப்பினர் இல்லாத சபையில் பாதீட்டைக் கேள்வி கேட்க எதிர்க்கட்சியும் இல்லை. ஆணையாளரும் உத்தியோகத்தரும் நல்லவராகவே இருக்கட்டும், கேட்பவர் ஒருவர் வேண்டாமா?

என்ன கேட்பது? நான் குப்பையிலிருந்து தொடங்குவேன். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை மறந்திருக்க மாட்டோம். நம் மாவட்டத்தில் பள்ளக்காடு இருக்கிறது. அயலிலுள்ள பல ஊர்களின் கழிவு அங்கே கொட்டப்பட்டு, பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு ஆண்டுகளில் இருபது யானைகள் அளவில் இறந்ததாக 2022இல் வெளிநாட்டு ஊடகங்கள் வரை செய்தி போனது. நம் நாட்டு வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் உக்கக்கூடியது. மீன் கழிவு, மரக்கறித் தோல், கலியாண வீட்டு மிச்சச் சோறு எல்லாம் ஈரம், பாரம். ஆக, சபை டீசல் ஊற்றி டிரக்டரில் ஏற்றிப் போவதில் பெரும்பகுதி தண்ணீர்தான். வீட்டிலேயே தரம்பிரித்து, ஈரக் கழிவை ஊருக்குள்ளேயே பசளையாக்கினால் ஓட்டங்கள் குறையும், டீசல் மிஞ்சும். ஆகவே பாதீட்டில் பார்க்க வேண்டிய இரண்டு வரிகள்: வாகனத்துக்கும் எரிபொருளுக்கும் எவ்வளவு, தரம்பிரித்தலுக்கும் பசளைத் தயாரிப்புக்கும் எவ்வளவு? இரண்டாவது வரி வெறுமையாக இருந்தால், எவ்வளவு அழகான சுவரொட்டி ஒட்டினாலும் சபையின் முன்னுரிமை கொட்டுவதுதான். இதில் பள்ளிவாசல்களுக்கும் வேலை உண்டு. ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பான் கழிவைப் புதைக்க முன்கூட்டியே இடம் ஒதுக்கும்படி சபையோடு பேசுவதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்காது.

வடிகானையும் தெருவிளக்கையும் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, அவற்றுக்குக் குரல் கொடுப்போர் எப்போதும் உண்டு. குரலே இல்லாதது நூலகம். பொது நூலகங்களை நடத்துவது உள்ளூராட்சிச் சபைகள் என்பதே நம் எழுத்தாளர்களில் பலருக்கு நினைவில் இருப்பதில்லை. நூல் வெளியீட்டுக்கு அரசியல்வாதியை அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறோம். நூல் கொள்வனவுக்கு சபை எவ்வளவு ஒதுக்கியது, அதில் எவ்வளவு செலவாகியது என்று அவரிடம் கேட்பதில்லை. தேசிய வாசிப்பு மாதம் ஒக்டோபரில் வருகிறது. வரும் ஆண்டுப் பாதீடு தயாராகும் காலமும் அதுதான். கட்டுரைப் போட்டியோடு சேர்த்து ஒரு கோரிக்கைக் கடிதமும் போகலாம்.

பாதீட்டுப் பிரதி கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேட்டால் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வருடம் என் பத்தாம் தரப் பிள்ளைகளிடம் வீட்டிலுள்ள சோலைவரிப் பற்றுச்சீட்டைக் கொண்டுவரச் சொன்னேன். நாலு பேர் கொண்டுவந்தார்கள். "வாப்பா கட்டல்லயாம் சேர், கட்டி என்ன கண்டயள் எண்டு கேக்காரு" என்றான் ஒருவன். அவனைத்தான் இந்த ஒக்டோபரில் முதல் ஆளாகச் சபைக்குக் கூட்டிப் போவதாக இருக்கிறேன்.